கரையான்சாவடியின் பீரங்கிக் குண்டு

சென்னையிலிருந்து திரும்பியதிலிருந்து இந்தக் கதையை என்னிடம் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒருவர் நான் குண்டு வெடிப்பில் தப்பினேன் என்கிறார். ஆகவே நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. அண்ணனூரில் கிணறு வெட்டியவர்கள் ஆள் ஆழத்துக்கும் கீழே ஐந்து உருண்டைகளைக் கண்டெடுத்தார்கள்.
2. ராணுவ நிலம் பக்கத்தில் இருப்பதால் அவை வெடிகுண்டுகள் என்று முடிவாயிற்று.
3. போலீசார் வந்து அவற்றை வாளித் தண்ணீரில் போட்டார்கள்.
4. உருண்டைகள் கரைந்தன. என் ஆதாரமும் கரைந்தது.
5. கரையான்சாவடியில் ஒரு கடையில் ஆறாவது உருண்டை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.
6. அதை நான் மடியில் வைத்து அறுத்தேன்.

இனி விரிவாக.

நான் யாழ்ப்பாணத்தவள். கண்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சிச் சேகரிப்புக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பூச்சிப் பெட்டிகளைப் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கும் முறையைப் பழகிவரச் சென்னைக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிந்தபோது கப்பலுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தைக் கொரட்டூரில் என் பெரியம்மா மகள் வீட்டில் கழித்தேன். அக்காவைக் கட்டிய அத்தான் அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர்.

கொரட்டூரைப் பற்றிக் குறிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஏரி. எங்கள் வன்னியில் இந்த அளவு நீரைக் குளம் என்போம். இங்கே குளம் என்றால் கோயில் குளம்தான். இரண்டு, எருமைகள். காலையில் ஏரிக்குள் இறங்கி மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தபடி கிடக்கின்றன. மூன்று, வடகறி. வடையை உதிர்த்துக் குழம்பாக்கி இட்லிக்கு ஊற்றுகிறார்கள். முதல் நாள் இது எதற்கு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அக்காவின் இடியப்பத்துக்கும் அதையே ஊற்றிக்கொண்டேன். அக்கா ஊருக்கு எழுதிவிடுவதாக மிரட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தானுடன் வேலை செய்யும் ஏகாம்பரம் சைக்கிளை வாசலில் அப்படியே சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணாத்தே, போச்சு. என் ஊடு போச்சு."

"இன்னும் கட்டவே இல்லியேடா. எப்டிப் போவும்?"

"வெளயாடாதே நைனா. கெணறு தோண்டச் சொல்ல குண்டு வந்திருச்சு. போலீசு சுத்திக் கயிறு கட்டிகினு யாரையும் உள்ள வுட மாட்டேங்குது. ஆடி பொறந்துட்டா எங்கம்மா ஊட்டுக்குக் கடக்கால் போட வுடாது. அப்பால ஒரு மாசம் நான் அந்தக் குழியப் பாத்துகினு குந்திகினு இருக்கணும்."

ஏகாம்பரம் அண்ணனூரில் மனை வாங்கியிருந்தார். வீடு கட்டத் தண்ணீர் வேண்டும் என்பதால் கிணற்றை முதலில் தொடங்கியிருந்தார். நான் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். எவ்வளவு பெரிது? கிரிக்கெட் பந்தைவிடப் பெரிது. எவ்வளவு கெட்டி? கடப்பாரை பட்டால் சத்தம் வரும். தனித்தனியாகக் கிடந்தனவா, சேர்ந்தா? "கோழி அடை வெச்ச மாதிரிம்மா. ஒரே பொந்துல அஞ்சும்."

நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். அத்தான் என் இலையைப் பார்த்தார். பாதி இட்லி மிச்சம் இருந்தது. விஷயம் பெரிது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஆவடியில் ரயிலைவிட்டு இறங்கி சைக்கிள் ரிக்ஷா பிடித்தோம். அதன் சங்கிலி வழியெல்லாம் கழன்றது. ஒவ்வொரு முறையும் ரிக்ஷாக்காரர் இறங்கி, சங்கிலியை மாட்டி, அத்தானின் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினார். கடைசியில் அத்தானே வெட்கப்பட்டு இறங்கி நடந்தார். சங்கிலி அதற்குப் பிறகும் கழன்றது. "நான் உன்னிய இன்னா சொன்னேன் நைனா? நீயா எறங்கினே" என்றார் ரிக்ஷாக்காரர்.

மனையைச் சுற்றிக் கூட்டம். சுண்டல்காரர் ஒருவர் அதற்குள் அடுப்போடு வந்துவிட்டிருந்தார். கிணறு வெட்டுகிறவர்கள் மண் மேட்டில் உட்கார்ந்து தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். அத்தான் எனக்குத் தமிழில் சொன்னார்: "பூமிக்கு அடியில் யாரோ பந்து விளையாடிவிட்டு மறந்துபோய்விட்டார்கள் என்கிறான் ஒருத்தன். அப்படியென்றால் மட்டையையும் தேடு, விறகுக்கு ஆகும் என்கிறான் இன்னொருத்தன்."

காவலுக்கு நின்றவர் ஒரு ஏட்டு. வயிறும் மீசையும் நல்ல குணமும் உள்ளவர். அவர் காலடியில் ஐந்து உருண்டைகளும் சாக்கின்மேல் இருந்தன. நான் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய் ஒன்றைக் கையில் எடுத்தேன். கூட்டம் சுண்டல் அடுப்பு வரைக்கும் பின்வாங்கியது.

உருண்டையின் கனமும் அதன்மேல் பூசிய களிமண்ணின் வழவழப்பும் எனக்குத் தெரிந்தவை. வன்னிக் காட்டில் ஒரு விடுதிக்குக் குழி தோண்டியபோது இதே போன்றவை கிடைத்து, டச்சுக்கார ஒல்லாந்தர் காலத்துக் குண்டுகள் என்று எங்கள் நிலையத்துக்கு வந்திருக்கின்றன. உள்ளே இருந்தது ஒரு வண்டின் பிள்ளை. யானைக் காடுகளில் வாழும் பெரிய சாணி வண்டு அது. தாய் வண்டு ஆழமாக வளை தோண்டி, சாணியைக் கீழே இறக்கி, உருட்டி, மேலே களிமண் பூசி, உள்ளே ஒரு முட்டை வைக்கும். புழு அந்தச் சாணியைத் தின்று வளர்ந்து வண்டாகும். மழையில் களிமண் இளகியதும் உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

எங்கள் புத்தகங்களின்படி அந்த வண்டு எங்கள் தீவின் காடுகளிலும் இந்தியாவின் மேற்கு மலைக் காடுகளிலும் இருக்கிறது. கிழக்குச் சமவெளியில் இருப்பதாக ஒருவரும் எழுதவில்லை. யானை இல்லாத அண்ணனூரில் அதன் ஐந்து உருண்டைகளோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இது குண்டு இல்லை ஏட்டய்யா. வண்டு செய்த கூடு. உள்ளே உயிர் இருக்கிறது. எனக்கு இரண்டு கொடுத்தால் போதும்" என்றேன்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"யாழ்ப்பாணம்."

"அதான் பேச்சு ஒரு தினுசா கீது. நல்லா படிச்ச பொண்ணு மாதிரி தெரியிற. ஆனா ரூல்ஸுன்னு ஒண்ணு கீதும்மா. குண்டுன்னா வாளி."

"வண்டு என்றால்?"

"வண்டுக்கு ரூல்ஸ் இல்லம்மா. நாளைக்கு இன்ஸ்பெக்டர் அய்யா வருவாரு, அவராண்ட சொல்லு."

நாட்டு வெடிகுண்டு கிடைத்தால் தண்ணீர் வாளியில் போட்டு மருந்தை நனைத்துவிடுவது அங்கே வழக்கம். ஐந்து உருண்டைகளும் என் கண் முன்னே இரண்டு வாளிகளுக்குள் போயின. ஒவ்வொன்றிலிருந்தும் குமிழிகள் வந்தன. "பாத்தியா, மருந்து மூச்சு வுடுது" என்றார் ஏட்டு.

மறுநாள் காலையில் நான் போனபோது வாளிகளில் சேறு மட்டும் இருந்தது. இனி ஏட்டு ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பாரும்மா! எப்பேர்ப்பட்ட குண்டும் வாளியில கரஞ்சிடும். என் சர்வீஸ்ல இவ்ளோ சுத்தமாக் கரஞ்சது இதான் பஸ்ட்டு."

"வெடிகுண்டு எங்கேயாவது சேறாகக் கரையுமா?"

"ராணுவத்துக் குண்டாச்சே. மட்டமாவா செய்வாங்க?"

டீக்கடையில் பழைய வடிதுணி ஒன்று வாங்கிச் சேற்றை வடிகட்டினேன். நான்கு புழுக்கள் கூழாகியிருந்தன. ஒன்று முழுசாக இருந்தது. என் கட்டைவிரலைவிடத் தடிமன், வெள்ளை, செத்திருந்தது. ஏட்டிடம் காட்டினேன். "நேத்து ஏரித் தண்ணிதான் மொண்டாந்தோம். புழு இருக்கத்தான் செய்யும்" என்றார்.

வடிதுணியில் தங்கிய நாரையும் பார்த்தேன். யானைச் சாணியின் நார் விரல் நீளம் இருக்கும். இது மாவு போல நைந்திருந்தது. எருமைச் சாணி. யானை இல்லாத ஊரில் வண்டு எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்விக்கு இப்படி ஒரு பதில் கிடைத்தது. ஏரிக்கு ஏரி எருமைகள் இருக்கிற நாட்டில் அதற்குச் சாப்பாட்டுக் கவலையே இல்லை.

ஆனால் என் நிலைமை மோசம். சாணி வண்டுப் புழுக்கள் எல்லாம் ஒன்றுபோல வெள்ளையாக வளைந்திருக்கும். அதை வைத்து இனத்தைச் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். எனக்கு வேண்டியது வளர்ந்த வண்டு. அதுவும் இந்த மண்ணில் செய்த உருண்டைக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே அகப்பட்டால் ஏதோ ஒரு லாரியில் வந்தது என்றுவிடுவார்கள். கிணற்றில் தேடலாம் என்றால் கயிற்றை அவிழ்த்த ஒரு மணி நேரத்தில் அடியில் ஊற்று கண்டுவிட்டது. ஏகாம்பரம் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். நான் அதைத் தின்றபடி, முட்டளவு தண்ணீரில் கரைந்துகொண்டிருக்கக்கூடிய வேறு உருண்டைகளை நினைத்துக்கொண்டேன்.

என் முகத்தைப் பார்த்து ஏகாம்பரத்துக்குப் பாவமாகிவிட்டது. "ஏம்மா, இதே மாதிரி ஒண்ணு கரையான்சாவடில கீதே! காதர் பாய் கடையில. நவாபு காலத்துக் குண்டுன்னு கண்ணாடிப் பொட்டியில வெச்சிகினு கீறாரு. ஆட்டுனா உள்ள கடகடங்கும். மருந்தாம்."

கடகடக்கும் என்றதும் நான் பொங்கலைக் கீழே வைத்தேன். உலர்ந்த உருண்டைக்குள் புழு கடகடக்காது. கெட்டியான ஒன்றுதான் கடகடக்கும்.

கரையான்சாவடிக்குப் போக, ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ்ஸில் தனியாகவே ஏறினேன். அண்ணனூர்ப் புழுவை ஸ்பிரிட் ஊற்றிய போத்தலில் போட்டுப் பையில் வைத்திருந்தேன். சென்னையில் மதுவிலக்கு அமலில் இருப்பதை நான் யோசிக்கவில்லை. பாதி வழியில் மூடி கொஞ்சம் கசிந்தது. பஸ் முழுக்க வாசனை. கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாக முகர்ந்துகொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"இன்னாம்மா, பாத்தா டீச்சரம்மா மாதிரி கீறே. சரக்கா?"

நான் போத்தலை எடுத்துக் காட்டினேன். உள்ளே புழு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. பக்கத்தில் இருந்த அம்மாள் கூடையோடு எழுந்து போனாள். பின் சீட்டுக்காரர்களும் எழுந்தார்கள். "இதைப் போட்டுத்தான் ஊறல் போடுறாங்களா?" என்று ஒருவர் கேட்டார். அவர் குடியை விட்டுவிட்டதாகப் பக்கத்து ஆளிடம் சத்தியம் செய்தது எனக்குக் கேட்டது. பிறகு ரேடியேட்டர் கொதித்துப் பஸ் நின்றது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

கரையான்சாவடியில் காதர் பாயின் காயலான் கடை மெயின் ரோட்டிலேயே இருந்தது. பழைய இரும்பு, தகரம், போத்தல் எல்லாம் எடைக்கு வாங்கும் கடை. எங்கள் ஊரில் முஸ்லிம் வியாபாரியை நானா என்போம், இங்கே பாய். ஐம்பது வயதுக்காரர், வெள்ளைத் தொப்பி, அளந்து பேசுகிறவர். கடையின் நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சிவப்புத் துணிமேல் கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு அது.

"நவாபோட பீரங்கிக் குண்டும்மா. எங்க பாட்டனுக்கு அவரு கையால குடுத்தது" என்று சொல்லிக்கொண்டே எடுத்து என் காதருகே ஆட்டினார். கடகட.

அந்தச் சந்தோஷத்தில் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். "பாய், இது எருமைச் சாணி!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

யாரோ சிரித்தார்கள். பாய் குண்டைத் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். எனக்கு டீயும் பொறை ரொட்டியும் வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "பஸ்ஸு அந்தாண்ட நிக்கும்மா" என்றார். இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை வெளியே அனுப்பியதில்லை.

அன்று மாலை அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு மனுஷனோட பாட்டனைப் போய் நாலு பேர் எதிர்ல சாணின்னுட்டியே" என்றார். இருந்தாலும் மறுநாள் தொழிற்சாலையிலிருந்து இரும்பு அறுக்கும் மெல்லிய ஆக்ஸா பிளேடு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவும் மறுபடி கெஞ்சவும் அதற்கு அடுத்த நாள் போனேன். கப்பலுக்கு முன் எனக்கு இருந்த கடைசிச் சந்தர்ப்பம் அது.

கடை வாசலில் கூட்டம். நடுவில் நம் ஏட்டு. கையில் வாளி.

ஏகாம்பரம் நன்றிப் பெருக்கில் பாயின் குண்டைப் பற்றி அவரிடமும் சொல்லியிருக்கிறார். "இது என் எல்லை இல்லதான். ஆனா கரைக்கத் தெரிஞ்ச ஆளுன்னு இங்கத்த ஸ்டேஷன்ல என்னியக் கூப்ட்டாங்க" என்றார் என்னிடம், கொஞ்சம் கூச்சத்தோடு.

பாய் வியர்த்துப் போயிருந்தார். "அய்யா, அது சும்மா யாவாரத்துக்கு வெச்சது."

"இன்னா பாய் இப்டி மாத்துற? உள்ள மருந்து கீதுன்னு ஊருக்கே நீதானே ஆட்டிக் காட்டினே? கடையில வெடிமருந்து வெச்சிருந்தா கேசு. வாளியில போட்டு எடுத்துகினு போயிட்டா உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

பாய் என்னைப் பார்த்துவிட்டார். "தங்கச்சி! வாம்மா, வாம்மா! அன்னிக்கு இன்னாவோ சொன்னியே, சாணின்னு. இப்ப சொல்லும்மா. சத்தமா சொல்லு!"

அந்த வாளி ஏட்டோடு போனால் உள்ளே இருப்பது ஏதோ ஒரு சாக்கடையில் கொட்டப்படும். "ஏட்டய்யா, வாளியில் போட்டால் கரையும் என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. நான் இங்கேயே அறுத்துக் காட்டுகிறேன்" என்றேன்.

"வெடிச்சுதுன்னா?"

"என் மடியில்தானே வெடிக்கும்?"

கடைப்படியில் உட்கார்ந்து உருண்டையை மடியில் வைத்துக்கொண்டேன். தைரியம் ஒன்றும் இல்லை, கணக்குத்தான். அந்த அளவு இரும்பைக் காதுவரை தூக்கி அவ்வளவு லேசாக ஆட்ட முடியாது. ஏட்டு வாளியோடு எதிரே நின்ற லாரிக்குப் பின்னால் போனார். கூட்டமும் போயிற்று. பாய் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்களும் போங்களேன் பாய்."

"என் கடை, என் குண்டு. நான் எங்கம்மா போவேன்?"

பிளேடு முதலில் கறுப்பு பெயிண்டை உரித்தது. இரும்பு மாதிரி தெரியப் பாய் வருஷத்துக்கு ஒரு தடவை அடித்த பெயிண்ட். அதனால்தான் எந்த மழைக்காலத்து ஈரமும் உள்ளே போகவில்லை. பிறகு களிமண். பிறகு திடீரென்று பிளேடு வெறும் இடத்தில் வழுக்கியது. இரண்டு பாதியையும் மெதுவாகப் பிரித்தேன்.

கறுப்பாக, கோழிமுட்டைப் பருமனில், தலையில் கொம்போடு ஓர் ஆண் வண்டு. முழுசாக வளர்ந்து, வெளியே வர வழியில்லாமல் உலர்ந்திருந்தது. ஒரு பின்கால் மட்டும் உடைந்து பக்கத்தில் கிடந்தது. கொம்பின் வளைவு, முன்காலின் பற்கள், முதுகின் கோடுகள்: மூன்றையும் லென்ஸில் பார்த்தேன். மூன்றும் பொருந்தின. எங்கள் பெட்டியில் இருக்கும் அதே வண்டு.

பாய் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவன்தானா?" என்றார். "இவ்ளோ நாளும் உள்ள தட்டிகினு இருந்தது இவன்தானா?"

லாரிக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். வண்டை எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். வண்டை எடுத்துக்கொள், உருண்டையின் ஓடு மட்டும் எனக்கு என்றார் பாய். இன்னும் ஒன்று தேவைப்பட்டது.

"இது எங்கே கிடைத்தது பாய்?"

"அதான் சொன்னேனே, நவாபு எங்க பாட்டனுக்கு..."

"பாய், பெட்டியில் வைக்கும்போது கிடைத்த இடத்தை எழுதி வைப்போம். அந்த இடம் பொய்யானால் இந்த வண்டு குப்பை. எடுத்தவர் பெயரும் எழுதுவோம். உங்கள் பெயர்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "எங்க ஊட்டுக் கொல்லையிலம்மா. நாந்தான் எடுத்தேன். கக்கூசுக்கு ஆள் ஆழம் குழி தோண்டச் சொல்ல."

ஏட்டுக்குக் காது நன்றாகக் கேட்கும். "நவாபு கக்கூசா பாய்?" என்றார்.

தெருவே சிரித்தது. பாய்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. எல்லோருக்கும் டீ சொன்னார். ஏட்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து குடித்தார்.

இப்போதைய நிலை இது. வண்டு எங்கள் சேகரிப்பில் இருக்கிறது. அதன் சீட்டில் கரையான்சாவடி, வீட்டுக் கொல்லை, ஆள் ஆழம், எடுத்தவர் காதர் என்று எழுதியிருக்கிறேன். அண்ணனூர்ப் புழு பக்கத்துப் போத்தலில், இனம் உறுதியில்லை என்ற குறிப்போடு இருக்கிறது. என் மேலதிகாரி வண்டையும் அறுத்த ஓட்டின் படத்தையும் பார்த்துவிட்டு, அந்த இனத்தின் வரைபடத்தில் சென்னைக்கு மேற்கே ஒரு புள்ளி வைக்கச் சம்மதித்தார். உயிரோடு பறக்கும் ஒன்று அங்கே அகப்பட்டால் மையால் எழுதலாம் என்றார். மழை விட்டதும் தெருவிளக்குகளின் அடியில் பார்க்கும்படி அத்தானுக்கும் பாய்க்கும் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒன்றும் வரவில்லை. புள்ளி பென்சிலில் இருக்கிறது.